கணக்கில் சேராத வாத்து

1992 ஜனவரி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி இருபது நிமிடத்துக்கு புனேயை அடுத்த ஆகுர்டியில், லோக்மித்ர பூங்காக் குளத்தில் வந்திறங்கிய வாத்து, வரும்போது தன்னோடு ஒன்றரை முழம் தண்ணீரும் கொண்டுவந்தது. பம்பு அறைச் சுவரில் பெயிண்டால் போட்டிருந்த அளவுகோலில் அதற்கு முந்தின நிமிடம் நாலடி இருந்தது. அடுத்த நிமிடம் ஆறேகால் அடி. கரையில் இருந்த சிமெண்டு பெஞ்சுகளின் கால்கள் நனைந்தன. தோட்டக்காரர் சோப்டே தன் செருப்பை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு ரோஜாப் பாத்தியைக் கொத்தப் போனார். கரையில் பைனாகுலரோடு நின்றிருந்த மாடசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். தண்ணீர் ஏறியதைப் பற்றி அன்றைக்கும் சரி, பிறகு வந்த வருஷங்களிலும் சரி, யாரும் சண்டை போடவில்லை. சண்டையெல்லாம் அது என்ன வாத்து என்பதில்தான்.

மாடசாமிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. 1976-இல் டிப்ளமா சான்றிதழும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக வந்து, ஆகுர்டியில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தவர். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. செய்து முடித்த பாகம் அளவு சரியா என்று பார்க்கிற இன்ஸ்பெக்டர். அதற்கு அவர் கையில் எப்போதும் ஒரு கேஜ் இருக்கும், இரண்டு முனை உள்ள இரும்புத் துண்டு. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் சரியாக நடந்தால் பாஸ். இல்லையென்றால் பாகத்தின் மேல் சிவப்பில் ஒரு கோடு, நேரே ரிஜெக்ட் பெட்டி. இதில் வாதாட ஒன்றும் இல்லை. ஆனால் தொழிற்சாலை என்றால் இளகிய மனசுக்காரர்களும் இருப்பார்கள் அல்லவா, அவர்களுக்காக ஒரு மஞ்சள் சீட்டு உண்டு. டீவியேஷன் சீட்டு என்பார்கள். பாகம் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை, ஆனாலும் வேலைக்கு ஆகும் என்றால், அளவு தப்பு இருந்தும் ஏற்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் ஒரு கையெழுத்தும், இது எனக்கு ஆகும் என்று அதை உபயோகிக்கிற பிரிவு ஒரு கையெழுத்தும் போட வேண்டும். இரண்டும் இருந்தால் பாகம் உள்ளே போகும். தன் பேருக்குக் கொடுத்த அந்தச் சீட்டுக் கட்டிலிருந்து மாடசாமி ஒரு தாளைக்கூடக் கிழித்ததில்லை. கேட்டவர்களிடம், அளவு தப்பினால் தப்பினதுதான் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

வாத்து பார்க்கிற பழக்கம் ஜூனா பஜார் என்கிற பழைய சாமான் சந்தையில் ஒரு பைனாகுலர் கிடைத்ததிலிருந்து வந்தது. அதன் இடது கண்ணில் கீறல் விழுந்திருந்ததால் வலது கண்ணால் மட்டும் பார்த்தார். அதுவே போதுமாக இருந்தது. நாலைந்து வருஷத்தில் புனே முழுக்க எந்தப் பூங்காக் குளத்தில் விசித்திரமான வாத்து தென்பட்டாலும் மாடசாமியைக் கூப்பிடு என்றாகிவிட்டது. ஹடப்சரில் நீல வாத்து வந்திருப்பதாக ஒருவர் மூச்சிரைக்க வந்து சொன்னார். மாடசாமி பஸ் மாறிப் போய்ப் பார்த்தார், அது சாயப் பட்டறைக் கழிவில் குளித்த நாட்டு வாத்து. பாஷாண் ஏரியில் மூன்று நாள் எல்லோரையும் குழப்பிய பழுப்பு வாத்து, இறகு உதிர்த்துப் பெட்டையைப் போல ஆகியிருந்த ஊசிவால் ஆண் என்று ஐந்து நிமிடத்தில் சொன்னார். பிம்ப்ரியில் இரண்டு நிழல் விழுந்த வாத்தைக்கூட, நிழலெல்லாம் அடையாளத்தில் வராது, மூக்கு நுனியில் மஞ்சள் இருக்கிறதா பாருங்கள் என்று சொல்லி, புள்ளிமூக்கு வாத்து என்று முடித்துவைத்தார். பறவை பார்க்கிறவர்களின் சங்கமான பட்சிமித்ர மண்டலின் தலைவர், தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பரஞ்ஜபே, இந்த ஜில்லாவிலேயே நல்ல கண் மாடசாமியுடையதுதான் என்று கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னார். வெறும் வாய் வார்த்தைதான், ஆனால் மனுஷனை ஏற்றிவிட்டது.

இப்படிப்பட்டவர் முன்னால்தான் அந்த வாத்து வந்திறங்கியது. தலை ஊசிவாலுக்கு உரிய சாக்லேட் நிறம். கழுத்தில் வெள்ளைக் கோடு இடது பக்கம் மட்டும். மூக்கு தட்டைவாயனுடையதைப் போல அகலம், நுனியில் புள்ளிமூக்கின் மஞ்சள். சிறகு விரித்தால் ஆகாச நீலம், மடக்கினால் வெறும் சாம்பல். இரண்டு காலும் ஆரஞ்சு, ஆனால் ஒரே ஆரஞ்சு இல்லை. மாடசாமி மூன்று ஞாயிறு கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். தெரிந்த எந்த வாத்தின் அளவிலும் அது நுழையவில்லை. மண்டல் ஜனவரிதோறும் எடுக்கிற பறவைக் கணக்கெடுப்பின் படிவத்தில், அடையாளம் தெரியவில்லை என்று எழுதவும் ஒரு கட்டம் இருந்தது. நேர்மையான மனுஷன் அங்கேதான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் ஜில்லாவின் நல்ல கண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை என்று எப்படி எழுதுவது? வரைபடத்தோடு ஒத்துப்போகாததை அவர் தொழிலில் என்ன செய்வாரோ அதையே இங்கேயும் செய்தார். ‘வீட்டு வாத்துக் கலப்பு. கணக்கில் சேராது’ என்று எழுதி, சிவப்புப் பென்சிலால் அதன்மேல் ஒரு கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கடல் தாண்டியோ மலை தாண்டியோ ஒரு குளத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்த பறவையை, யாரோ கொல்லையில் வளர்த்துத் தப்பவிட்டதோடு சேர்த்தார். இதை எழுதுகிறவனுக்கு இன்றைக்கும் அந்த இடத்துக்கு வந்தால் ஆத்திரம் வருகிறது.

மார்ச் பதினெட்டாம் தேதி வாத்து வடக்கே கிளம்பியது. ஒன்றரை முழம் தண்ணீரும் கூடவே போனது. பெஞ்சுகளின் கால்கள் காய்ந்தன. மறு வருஷம் ஜனவரி மூன்றாவது ஞாயிறு, அதே ஏழு இருபதுக்கு, இரண்டு முழம் தண்ணீரோடு திரும்பி வந்தது. அதற்கப்புறம் அது ஒரு வருஷமும் தவறவில்லை, தண்ணீரும் குறையவில்லை. 1996-இல் கொண்டுவந்த தண்ணீரில் பனிக்கட்டி மிதந்தது. காலனிப் பிள்ளைகள் அதை அள்ளிச் சாயச் சர்பத் ஊற்றி கோலா என்கிற ஐஸ் உருண்டை செய்து தின்றார்கள், ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை. 1998-இல் தண்ணீரோடு ஓர் அறிவிப்புப் பலகை வந்தது. எந்த நாட்டு எழுத்து என்று யாருக்கும் தெரியவில்லை. மீன் படத்தின் மேல் குறுக்குக் கோடு இருந்ததால் சோப்டே அதைக் கரையிலேயே நட்டுவைத்தார், மீன் பிடிக்கிறவர்களும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். குளம் ஏறினால் காலனிக் கிணறு ஏறும், கிணற்றிலிருந்துதான் வீடுகளுக்குத் தண்ணீர் போகும். ஆகவே ஜனவரியிலிருந்து மார்ச் வரை லோக்மித்ர காலனியில் தண்ணீர் லாரிக்கு யாரும் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கவில்லை. மாடசாமியின் மனைவி கனகவல்லிக்கு அந்த மூன்று மாதமும் பருப்பு அரை மணி நேரத்தில் வெந்தது. வாத்துத் தண்ணி என்றே அதற்குப் பேர் வைத்திருந்தாள்.

மாடசாமியோ வருஷம் தவறாமல் போய் உட்கார்ந்து, வருஷம் தவறாமல் அதே வரியை எழுதி, அதே சிவப்புக் கோட்டைப் போட்டார். ஜனவரியில் ரிஜெக்ட் செய்த பாகத்தைப் பிப்ரவரியில் எடுத்து பாஸ் போட்டால், முதலில் ஏன் ரிஜெக்ட் செய்தாய் என்று கேட்பார்கள். இதற்கிடையில் சுற்றிலும் கட்டடங்கள் எழும்பின. வாகட் பக்கத்திலிருந்து ராத்திரி பகலாக லாரிகள் ஓடின. நீலச்சிறகி வருவது நின்றது, பிறகு ஊசிவால் நின்றது, 1999-க்குப் பிறகு குளத்துக்கு அந்த ஒரே வாத்துதான் வந்தது. படிவத்தில் காட்டுப் பறவை என்ற கட்டத்தில் ஒரு பூஜ்யம். கீழே, வீட்டு வாத்துக் கலப்பு, ஒன்று. மாடசாமிக்கு அந்தப் பூஜ்யத்தைப் போடும்போது கை கொஞ்சம் நின்றதாகக் கேள்வி. நின்று என்ன செய்ய, போட்டார்.

2003 அக்டோபரில் அவர் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரத்தில் மாலை, தேங்காய், சுவர்க் கடிகாரத்தோடு, ஸ்டோர்ஸ்காரர்கள் அவருடைய டீவியேஷன் சீட்டுக் கட்டையும் ஜிகினாத் தாளில் சுற்றிப் பரிசாகக் கொடுத்தார்கள். நூறு சீட்டு, ஒன்றுகூடக் கிழிபடவில்லை. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். மாடசாமி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். கனகவல்லி அதை அடுக்களையில் ஆணியில் மாட்டி, சீட்டுகளின் முதுகில் மளிகைச் சாமான் எழுத ஆரம்பித்தாள்.

அடுத்த மாதமே லோக்மித்ர அறக்கட்டளையின் செயலாளர் ஷிர்கே கூட்டம் கூட்டினார். பூங்காவும் குளமும் அந்த அறக்கட்டளையைச் சேர்ந்தவை. ஹிஞ்ஜவாடி கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாண வயது வந்துவிட்டது, இந்தப் பக்கத்தில் ஒரு நல்ல லான்ஸ் இல்லை என்றார். லான்ஸ் என்றால் புனேயில் கல்யாணம் நடத்துகிற புல்வெளி. குளத்தை மண் போட்டு மூடினால் ஆயிரம் நாற்காலி போடலாம், ஓரத்தில் கார் நிறுத்தலாம். நிலத்தைத் தானமாகக் கொடுத்த பழைய விவசாயி பத்திரத்தில், காட்டுப் பறவை ஒன்றாவது வந்துகொண்டிருக்கும் வரை குளத்தை மூடக் கூடாது என்று எழுதியிருந்ததே என்று யாரோ எழுந்து கேட்டார்கள். ஷிர்கே அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி ஒரு கோப்பைத் திறந்தார். உள்ளே பன்னிரண்டு படிவங்களின் நகல். ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்துக் காட்டினார். ‘வீட்டு வாத்துக் கலப்பு. கணக்கில் சேராது.’ பன்னிரண்டு சிவப்புக் கோடு. பன்னிரண்டு முறை மாடசாமி.

“பறவை விஷயத்தில் நம் மாடசாமி காகாவுக்கு மேல் யார் இருக்கிறார்கள்?” என்று சித்தப்பா முறை வைத்து ஹிந்தியில் கேட்டுவிட்டு, மரியாதையாக அவரைப் பார்த்துக் கை கூப்பினார்.

தன் கையெழுத்தைக் கொண்டே ஷிர்கே குளத்தை மூடுகிறான் என்று மாடசாமிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுந்து, அது காட்டு வாத்துதான், நான் எழுதினது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இருபத்தேழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அதுவே முதல் தடவை. அதைக் கேட்டு யாரும் அசரவில்லை. ஷிர்கே சிரித்தபடி, அப்படியானால் அதன் பேர் என்ன என்றார். பேர் இல்லாத பறவையைப் பத்திரத்துக்கு எப்படிக் காட்டுவது? ஜனவரிக் கணக்கெடுப்புப் படிவத்தில் காட்டுப் பறவை என்று எழுதி மண்டல் ஏற்றுக்கொண்டால், லான்ஸ் யோசனையைக் கைவிடுகிறோம் என்று நடவடிக்கைக் குறிப்பிலும் எழுதவைத்தார். பெருந்தன்மை மாதிரிதான் இருந்தது. ஜனவரி வரை குளத்தில் மண் போட மாட்டோம் என்று அந்தக் குறிப்பில் எங்கேயும் இல்லை என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கனகவல்லி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே நின்றாள். “வீட்டு வாத்துன்னு எழுதுனீகளே, எந்த வீட்டு வாத்துன்னு ஒருத்தராவது கேட்டாகளா? யாரு வளத்தா? எந்த வீட்டுல குளத்தோட சேத்து வாத்து வளக்காக?” என்றாள். “பன்னெண்டு வருசமா அந்தத் தண்ணியிலதான் சோறு பொங்குதேன். தெனமும் தின்னுட்டுப் போயி, அதுமேலேயே கோடு போட்டுட்டு வந்திருக்கீக” என்றாள். அவள் கோபத்தில் நியாயம் இருந்தது, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பேர் தேடும் படலம் ஆரம்பித்தது. மகள் தீப்தி ஹிஞ்ஜவாடியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தாள். அப்பா பழைய வருஷங்களில் எடுத்த போட்டோக்களை ஸ்கேன் செய்து, நாலு தேசத்து வாத்து நிபுணர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். தண்ணீர் ஏறுவதையும் நாலு வரியில் எழுதியிருந்தாள். பத்து நாளில் பதில்கள் வந்தன. “அப்பா, நாலு பேரும் நாலு பதில் சொல்றாங்க. ஒருத்தர் கலப்பு, ஒருத்தர் நோய், ஒருத்தர் போட்டோ சரியில்லை. நாலாவது ஆள் மூக்கை இன்னும் பெரிசா அனுப்புன்னு கேக்கறார்” என்றாள். தண்ணீரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று மாடசாமி கேட்டார். “அதைப் பத்தி யாருமே ஒண்ணும் கேக்கலைப்பா.” ஒரு குளத்தையே தூக்கி வருகிற வாத்தின் மூக்கை மட்டும் பெரிசாக்கிக் கேட்கிறார்களே, இவர்களெல்லாம் என்ன நிபுணர்கள் என்று மாடசாமி ஒரு மணி நேரம் திட்டினார். திட்டி முடிக்கும்போதுதான், பன்னிரண்டு வருஷம் தான் பார்த்ததும் அந்த மூக்கைத்தான் என்பது நினைவுக்கு வந்தது.

பிறகு பரஞ்ஜபேயிடம் போனார். பேராசிரியர் அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். பன்னிரண்டு படிவத்தையும் எடுத்து மேஜைமேல் பரப்பினார். ஜில்லாவின் மிக நல்ல கண் பன்னிரண்டு தடவை தள்ளிய பறவையை, எந்த முகத்தோடு நான் காட்டுப் பறவை என்று சேர்ப்பேன் என்றார். அந்தக் கண் நான்தானே, நானே சொல்கிறேனே என்றார் மாடசாமி. “அதுதான் கஷ்டம். உங்களை எதிர்த்து உங்களையே சாட்சிக்குக் கூப்பிட முடியாது” என்றார் பரஞ்ஜபே, பிஸ்கட்டைத் தள்ளிவைத்தபடி. அவர் கெட்ட மனுஷர் இல்லை. விதிக்கு விதி என்று வாழ்ந்தவர், மாடசாமியைப் போலவே. அதனால்தான் மாடசாமிக்கு அவரைத் திட்டவும் வழியில்லாமல் போனது.

டிசம்பர் பதினைந்தாம் தேதி முதல் லாரி வந்தது. கட்டடங்கள் வந்த பிறகு டிசம்பரில் குளம் வற்றி முழங்கால் ஆழம்தான் இருக்கும். முரும் என்று இந்தப் பக்கத்தில் சொல்கிற சிவப்புச் சரளை மண்ணை லாரி லாரியாகக் கொட்டினார்கள். மாடசாமி முதல் லாரிக்கு முன்னால் போய் நின்றார். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, காகா, நீங்கள் நகர்ந்தால் நான் சாப்பிடப் போவேன், நகராவிட்டால் இங்கேயே சாப்பிடுவேன் என்று டிபன் டப்பாவைத் திறந்தான். ஷிர்கே வந்து நடவடிக்கைக் குறிப்பை வாசித்துக் காட்டினார். பேர் வைக்கத்தான் ஜனவரி வரை அவகாசம், மண் போட இல்லை. வாத்துக்குப் பேர் கிடைத்தால் மண்ணை அள்ளிவிடலாமே, என்ன அவசரம், பகூ யா, பார்க்கலாம் என்றார். இப்படிப் பேசத் தெரிந்தவர்கள் கையில்தான் குளங்கள் இருக்கின்றன. ஜனவரி பத்துக்குள் குளம் இருந்த இடம் சமமாகி, ரோலர் ஓட்டி, மேலே பச்சைக் கம்பளமும் விரித்தாயிற்று. லோக்மித்ர லான்ஸ் என்று பலகை வைத்தார்கள். சோப்டே அந்த வேற்றுமொழி மீன் பலகையை மட்டும் பிடுங்க மறுத்துவிட்டார். அது கார் நிறுத்தும் இடத்தில் நின்றது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள், ஜனவரி 18. அந்த வருஷம் மூன்றாவது ஞாயிறு அதுதான். அதைத் தற்செயல் என்று சொல்ல இதை எழுதுகிறவனுக்கு மனசில்லை.

அன்று காலை ஆறரைக்கே மாடசாமி கிளம்பினார். பைனாகுலர், படிவம், சிவப்புப் பென்சில் எல்லாம் பையில் இருந்தன. வாசல் தாண்டியவர் திரும்பி அடுக்களைக்குப் போய், ஆணியிலிருந்து சீட்டுக் கட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். கனகவல்லி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அடுப்பைச் சின்னதாக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் வாத்தைப் பார்க்கப் போனது அதுதான் முதல் தடவை.

லான்ஸில் ஐந்நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். மைக்கில் ஷெனாய் ஓடியது. ஷிர்கேயின் வெள்ளைக் காரும் இன்னும் நாலைந்து கார்களும் மீன் பலகைக்கு அருகே நின்றன. பரஞ்ஜபே விதிப்படி கணக்கெடுப்பைப் பார்வையிட வந்து, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் முன்னதாகவே, ஏழு பத்துக்கு, வடக்கே இருந்து வாத்து வந்தது. வழக்கமாக நேரே இறங்கும், அன்று இறங்கவில்லை. பந்தலுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது, மறுபடியும் சுற்றியது. அதன் கீழே தரையில் ஒரு பெரிய ஈரமான நிழல் கூடவே சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலிகளின் மேல் சொட்டு விழுந்தது. சமையல்காரர்கள் பூரிச் சட்டியைத் தள்ளி வைத்தார்கள். மூன்றாவது சுற்றில் வட்டம் பெரிதாகி, மும்பை ரோடு பக்கம் சாய்ந்தது. போகப் போகிறது என்று மாடசாமிக்குத் தெரிந்துவிட்டது. இந்த வருஷம் போனால் பிறகு வராது. குளமும் இல்லை, ஏற்றுக்கொள்ள ஆளும் இல்லை என்றால் எதற்கு வரும்?

அவர் ஷிர்கேயின் காரின் பானட் மேல் படிவத்தை விரித்தார். காட்டுப் பறவை என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டார். பேர் என்ற இடத்தில் கை நின்றது. பையிலிருந்து மஞ்சள் சீட்டைக் கிழித்தார். நூறு சீட்டுக் கட்டில், இன்ஸ்பெக்டர் கையெழுத்துக்காகக் கிழிந்த முதல் சீட்டு. பாகத்தின் விவரம்: வாத்து, ஒன்று. வரைபடத்திலிருந்து மாறுபாடு: எல்லா அளவும். காரணம் என்ற இடத்தில், வரைபடம்தான் போதவில்லை என்று எழுதினார். அதன் கீழே, யாரும் கேட்காமலே, முந்தைய பன்னிரண்டு தடவையும் தப்பு இன்ஸ்பெக்டருடையது, பாகத்தினுடையது அல்ல என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஷிர்கே ஓடிவந்து, இதெல்லாம் செல்லாது, தொழிற்சாலைச் சீட்டு இங்கே எப்படி என்று கத்தினார். பரஞ்ஜபே எழுந்து வந்து கண்ணாடியை மாற்றிக்கொண்டு சீட்டை முன்னும் பின்னும் படித்தார். முதுகுப் பக்கம், உளுந்து, கட்டிப் பெருங்காயம், விளக்குத் திரி என்று இருந்தது. படிவத்தோடு இணைப்புத் தாள் வைக்கக் கூடாது என்று மண்டல் விதியில் இல்லை என்றார். பிறகு விரலால் கீழே தட்டி, இன்னொரு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறதே, உபயோகிக்கும் பிரிவு என்று போட்டிருக்கிறதே, அது யார் என்று கேட்டார்.

வாத்து மும்பை ரோட்டுக்கு மேலே சின்னதாகிக்கொண்டிருந்தது. மாடசாமி மனைவியைப் பார்த்தார்.

“பேனாவைத் தாங்க. பருப்பு வேகவைக்கிறவ நாந்தான?” என்றாள் கனகவல்லி.

காரின் மேல் கையை ஊன்றி, மு. கனகவல்லி என்று தமிழில், இனிஷியலின் புள்ளியை அழுத்தி வைத்துக் கையெழுத்துப் போட்டாள். அப்போது ஏழு மணி பத்தொன்பது நிமிடம். ஏழு இருபதுக்கு வாத்து வந்திறங்கியது. இந்த இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று இதை எழுதுகிறவன் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் சொல்கிறான்.

அந்த வருஷம் அது ஆறு முழம் தண்ணீர் கொண்டுவந்திருந்தது. கீழே குளம் இல்லாததால் தண்ணீர் பழைய குளத்தின் வடிவத்திலேயே சமதரைமேல் எழும்பி நின்றது. கரை கிடையாது, ஓரம் வெட்டிவைத்த அல்வாத் துண்டைப் போல நேராக இருந்தது. உள்ளே அகப்பட்டவர்கள் நடந்து வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாற்காலிகள் மேலே வந்து மிதந்தன. ஷிர்கேயின் கார் அடியிலேயே நின்றது, வைப்பர் மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. மீன் பலகை மறுபடியும் தண்ணீரோரம் நிற்பதைப் பார்த்து சோப்டே திருப்தியாகத் தலையாட்டினார். கனகவல்லி நீரின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள், எடுத்து முகர்ந்தாள், நல்ல தண்ணிதான் என்றாள். பிறகு வாத்தை நன்றாகப் பார்த்தாள். “இதையா ரிஜெக்ட் பண்ணுனீக” என்று கேட்டாள், கோபம் இன்னும் ஆறாமல். மாடசாமி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். பரஞ்ஜபே அந்தப் பக்கம் திரும்பி, படிவத்தில் முத்திரை வைத்தார்.

ஷிர்கே விடாமல் இரண்டு மாதம் மனுமேல் மனு எழுதினார். மண்டல் ஏற்றுக்கொண்டுவிட்டது, நடவடிக்கைக் குறிப்பில் அவரே எழுதவைத்த வரியும் இருந்தது, எழுதி என்ன பயன். மார்ச் பதினெட்டில் தண்ணீர் போனதும் காரை எடுத்தார்கள். ஒரே திருகலில் கிளம்பியது, ஆனால் அதற்கப்புறம் எந்தச் சவாரியிலும் இருக்கைக்கு அடியிலிருந்து தவளை கத்தியது. முருமை அள்ளி எடுக்கச் சொல்லி மாடசாமி மூன்று வருஷம் நடையாய் நடந்தார். அள்ளுகிறோம், அள்ளுகிறோம் என்றார்களே தவிர யாரும் அள்ளவில்லை. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்றும் உண்டு. வாத்துக்கு மட்டும் அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. வருஷா வருஷம் வந்து, சமதரையில் தண்ணீரை நிறுத்திக்கொண்டு நீந்துகிறது. அறக்கட்டளையும் பழகிக்கொண்டது. லான்ஸ் வாசலில் இப்போது ஒரு பலகை இருக்கிறது: ஜனவரி மூன்றாம் ஞாயிறு முதல் மார்ச் 18 வரை கல்யாணங்களுக்கு முன்பதிவு இல்லை, குளம் இருக்கும். மண்டலின் பறவைப் பட்டியலில் ஊசிவாலுக்கும் தட்டைவாயனுக்கும் கீழே ஒரு வரி, பேர் இல்லாமல், ‘சீட்டு இணைக்கப்பட்டுள்ளது’ என்று மட்டும் இருக்கிறது.

ஒவ்வொரு ஜனவரியும் சீட்டு புதிதாகப் போட வேண்டும். ஒரு சீட்டு ஒரு வரவுக்குத்தான் செல்லும், தொழிற்சாலையிலும் அதுதான் வழக்கம். மாடசாமி ஏழு மணிக்கே போய் எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு வைத்திருப்பார். 2007-இல் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டதென்று கனகவல்லி இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். மாடசாமி எரிந்து விழுந்தார். அவளும் விடவில்லை, வீட்டில் ஒருத்திதானே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே கையைப் புடவையில் துடைத்து, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அதுவரை வாத்து மேலே சுற்றிக்கொண்டிருந்தது.